இரட்டித்தது அச்சிலா, அடியிலா? டபுள் டை நாணயம் பார்க்கப் பழகுவோருக்கு

நாணயங்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு ‘டபுள் டை’, அதாவது அச்சிலேயே உருவம் இரட்டித்த ‘இரட்டை அச்சு’ நாணயம், கிடைத்துவிடும். ஆண்டு எண்ணின் ஓரத்தில் இன்னோர் எண் நிழல்போல ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சு படபடக்கும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. முதல் மாதத்தில் 17 நாணயங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். அவற்றில் ஒன்றுகூட உண்மையான இரட்டை அச்சு இல்லை. அந்த 17 நாணயங்களும் இன்றும் ஒரு சிறு பெட்டியில் என்னிடம் இருக்கின்றன. யாராவது கற்றுக்கொள்ள விரும்பினால் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறக்கிறேன். உண்மையானது எது என்று தெரிய, உண்மையல்லாதது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும்.

இரட்டையாகத் தெரியும் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது எப்போது உண்டானது? அச்சு செய்யும்போதா, நாணயம் அடிக்கும்போதா, அல்லது நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்துவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

முதலில் அச்சு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள்

அரக்கில் முத்திரை வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில் எழுத்து குழிந்திருந்தால் அரக்கில் அது புடைத்து நிற்கும். நாணயமும் அப்படித்தான். நாணயத்தில் புடைத்திருப்பதெல்லாம் அதை அடித்த எஃகு அச்சில் குழிந்திருக்கும். அந்த அச்சில் குழி எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு தாய் உண்டு. ‘ஹப்’ என்பார்கள். ஹப்பில் உருவம் நாணயத்தில் இருப்பதுபோலவே புடைத்திருக்கும். ஹப்பை எஃகுத் துண்டில் பெரும் அழுத்தத்தோடு அழுத்தினால் அச்சு கிடைக்கும். அந்த அச்சை வைத்துத்தான் நாணயங்களை அடிப்பார்கள்.

சிக்கல் எழுவது இந்த அழுத்தத்தில்தான். பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிப்போகும். எனவே அதைச் சூடாக்கி, மெல்ல ஆறவைத்து, இளக்கி, மறுபடி அதே ஹப்பின் கீழ் வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை வைக்கும்போது முதல் குழியும் ஹப்பும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தால், முதல் உருவத்தின் பக்கத்தில் இரண்டாவது உருவம் பதிந்துவிடும். அந்த அச்சில் எழுத்து இரட்டித்துவிட்டது. இனி அதிலிருந்து அடிக்கப்படும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில், அதே அளவில், அதே திசையில் இரட்டிப்பு இருக்கும். அதனால்தான் இதை வெறும் ‘பிழை நாணயம்’ என்று சொல்லாமல் ‘வகை’ என்று தனியாகச் சொல்கிறோம். ஒரு நாணயத்துக்கு நேர்ந்த விபத்தல்ல இது. ஓர் அச்சின் பிறவிக் குறி.

இதில் மிகப் பேர்பெற்றது அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு லிங்கன் ஒரு சென்ட். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் ஓர் அச்சு இப்படித் திரும்பிப் பதிந்துவிட்டது. தவறு தெரியவந்தபோது அந்த நாணயங்கள் நல்லவற்றோடு கலந்துபோயிருந்தன. அத்தனையையும் உருக்குவதற்குப் பதிலாக அப்படியே வெளியே விட்டார்கள். 20,000க்கும் மேல் வெளியே போயிருக்கும் என்பது சேகரிப்பாளர்களிடையே பொதுவான மதிப்பீடு. அதில் ஆண்டு எண்ணும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், மேலே உள்ள வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். லிங்கன் முகத்தில் மட்டும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏன்? ஒரு தட்டை அதன் நடுவில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஓரம் நிறைய நகரும், நடு அசையவே அசையாது. இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் பல குழப்பங்கள் தானாகத் தீரும்.

கருவிகள்

அதிகம் வேண்டாம். 10 மடங்கு பெருக்கும் நல்ல லூப் (கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் சிறு பூதக்கண்ணாடி) ஒன்று, தலை திருப்பக்கூடிய மேசை விளக்கு ஒன்று, நாணயம் கீழே விழுந்தாலும் அடிபடாமல் இருக்க மென்மையான துணி, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு. இவை போதும். கணினியோடு இணைக்கும் நுண்ணோக்கி வாங்கலாம், ஆனால் அதைப் படம் எடுக்க மட்டும் வையுங்கள். 200 மடங்கு பெருக்கினால் எந்த நாணயமும் விசித்திரமாகத்தான் தெரியும். 10 மடங்கில் தெரியாத இரட்டிப்பைத் தேடி ஒரு புதியவர் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். எவ்வளவு அழுக்காக இருந்தாலும் தேய்த்துக் கழுவாதீர்கள். தேய்த்த நாணயத்தின் இயற்கைப் பளபளப்பு திரும்பவே திரும்பாது. நாம் பார்த்துப் பழக வேண்டிய ஒளியே அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது.

சாதாரண நாணயத்தை மனப்பாடம் செய்யுங்கள்

ஒரே ஆண்டு, ஒரே மதிப்புள்ள நாணயங்களில் பத்துப் பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள். தேயாதவையாக இருந்தால் நல்லது. ஒவ்வொன்றையும் ஒரே வரிசையில் பாருங்கள்: முதலில் ஆண்டு, பிறகு மேலே உள்ள எழுத்துகள், பிறகு பக்க எழுத்துகள், பிறகு கண், காது, தாடை போன்ற கூரான இடங்கள், கடைசியில் பின்புறம். எழுத்தின் கால் எவ்வளவு தடிமன், எண்ணின் வளைவு எங்கே மெலிகிறது என்று பாருங்கள். இயல்பான எழுத்தின் தடிமன் கைரேகைபோல மனத்தில் பதிந்த பிறகு, வழக்கத்தைவிடத் தடித்த எழுத்து வந்தால் கண் தானாக நிற்கும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக அரிய வகைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவர்கள், இல்லாததையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கூடிய உலோகமா, குறைந்த உலோகமா?

இதுதான் இந்தக் கலையின் இதயம். என் பெட்டியில் உள்ள 17இல் 14 நாணயங்கள் ஏமாற்றியது இங்கேதான். நாணயம் அடிக்கும்போது எந்திரத்தால் உண்டாகும் பொய் இரட்டிப்பு அது. ஆங்கிலம் பேசும் சேகரிப்பாளர்கள் அதை ‘மெஷின் டபுளிங்’ என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அச்சு எந்திரத்தில் தளர்வாகப் பூட்டப்பட்டிருந்தால், அடி விழுந்து முடிந்த நொடியில் அது சற்று அதிரும் அல்லது வழுக்கும். அப்போது, ஏற்கெனவே புடைத்து நிற்கும் எழுத்தின் பக்கத்தைச் சீவித் தள்ளிவிடும். அந்தச் சீவலைத்தான் நாம் இரண்டாவது எழுத்து என்று நினைத்துவிடுகிறோம்.

இப்போது ஒன்றை நன்றாக யோசியுங்கள். இரட்டை அச்சில் எஃகில் இரண்டு குழிகள் இருக்கின்றன. உலோகம் இரண்டிலும் ஏறி நிரம்பும். ஆகவே நாணயத்தில் எழுத்து இயல்பைவிட அகலமாகும். இரண்டு உருவமும் உருண்டு திரண்டு, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். மெஷின் டபுளிங்கில் புதிதாக எந்தக் குழியும் இல்லை. இருந்த எழுத்திலிருந்துதான் பக்கத்துத் துண்டு வெட்டுப்படுகிறது. எனவே மேலே நிற்கும் எழுத்து இயல்பைவிட மெலிந்துவிடும். அதன் அருகே தரையோடு தரையாக, படிக்கட்டுபோலத் தட்டையான ஒரு மேடை இருக்கும்.

இதைக் கண்ணால் பிடிக்க ஒரு வழி. விளக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், அறையின் மற்ற வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நாணயத்தை லூப்புக்கு அருகே கொண்டுவாருங்கள். ஆண்டின் 9 என்ற எண்ணைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே நாணயத்தை மிக மெதுவாகச் சாயுங்கள். தட்டையான மேடை என்றால், ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் கண்ணாடித் துண்டில் வெயில் பட்டதுபோல முழு மேடையும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். உருண்ட இரட்டிப்பு அப்படி மின்னாது. ஒளி அதன் மேல் ஒரு கோடாக ஊர்ந்து போகும். முதல் எழுத்தின் மேல் எப்படி ஊர்கிறதோ அப்படியே இரண்டாவதின் மேலும் ஊரும்.

அடுத்து எழுத்தின் முனைகளைப் பாருங்கள். அச்செழுத்துகளின் கால் முடியும் இடத்தில் சின்னப் பட்டை இருக்குமல்லவா, அதன் மூலையில் உண்மையான இரட்டை அச்சு ஒரு பிளவை விட்டுச் செல்லும். பாம்பின் நாக்கு நுனிபோல ஒரு வெட்டு. இரட்டிப்பு மிகச் சிறியதாக இருந்து மற்ற இடங்களில் இரண்டு உருவமும் ஒன்றாகக் கலந்துவிட்டாலும், இந்த மூலைப் பிளவு காட்டிக்கொடுத்துவிடும். நான் எந்த நாணயத்திலும் முதலில் தேடுவது இதைத்தான்.

மின்ட் மார்க் சொல்லும் சாட்சி

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்துதான் மின்ட் மார்க். அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களில், 1990க்கு முன்பு, இந்த எழுத்தை அச்சு தயாரான பிறகு தனியாகக் கையால் குத்திச் சேர்த்தார்கள். ஹப்பில் அது இல்லவே இல்லை. ஆகவே அச்சு இரட்டித்தாலும் மின்ட் மார்க் அதோடு சேர்ந்து இரட்டிக்க வழியில்லை. மெஷின் டபுளிங்கில் அச்சு முழுவதும் நகர்வதால், ஆண்டோடு மின்ட் மார்க்கும் அதே திசையில் சீவப்படும்.

1969ஆம் ஆண்டின் ‘எஸ்’ குறி கொண்ட சான் பிரான்சிஸ்கோ ஒரு சென்ட், இரட்டை அச்சு வகைகளில் மிக அரியவற்றில் ஒன்று. அந்த நாணயத்தில் மெஷின் டபுளிங்கும் சாதாரணமாகக் கிடைக்கும். பிரிப்பது எப்படி? உண்மையானதில் ஆண்டும் வாசகமும் இரட்டித்திருக்க, ‘எஸ்’ மட்டும் ஒற்றையாக நிற்கும். ‘எஸ்’ஸும் ஆண்டு நகர்ந்த அதே பக்கம் நகர்ந்திருந்தால் நாணயத்தைக் கீழே வைத்துவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கையால் குத்தும்போது முதல் குத்து சரியாக விழாமல் இரண்டாம் முறை குத்தியிருக்கலாம். அப்போது மின்ட் மார்க் மட்டும் இரட்டிக்கும், மற்றதெல்லாம் ஒற்றையாக இருக்கும். அதுவும் அச்சில் பிறந்த வகைதான், ஆனால் இரட்டை அச்சு அல்ல. தனியாகக் குறித்து வையுங்கள்.

வேறு மூன்று ஏமாற்றுகள்

முதலாவது, கிழ அச்சு. பல லட்சம் அடி வாங்கிய அச்சு தேயும். எழுத்தின் ஓரம் கரைந்து, விளிம்புப் பக்கமாக வீங்கினாற்போல் தெரியும். சுற்றியுள்ள வெற்றிடம் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகியிருக்கும். அந்தத் தோலைப் பார்த்ததும் முடிவு செய்துவிடலாம். 1955 சென்ட்டிலேயே ஆண்டின் கடைசி 5 இப்படி இரட்டித்தாற்போலத் தெரியும் நாணயங்கள் நிறைய உண்டு. ‘ஏழையின் டபுள் டை’ என்று அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெயரில் மட்டும்தான் டபுள் டை.

இரண்டாவது, மேல்பூச்சு கிழிவது. 1982இல் அமெரிக்க ஒரு சென்ட் துத்தநாகத்துக்கு மாறியது, மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும்தான். அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் பூச்சு பிளந்து உள்ளே உள்ள வெளிறிய துத்தநாகம் ஒரு கோடாகத் தெரியும். தூரத்திலிருந்து இரட்டை எழுத்துபோல இருக்கும். லூப்பில் பார்த்தால் நிறம் மட்டுமே வேறு, உயரம் இல்லை.

மூன்றாவது 19ஆம் நூற்றாண்டு நாணயங்களில் வரும். எழுத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தாழ்ந்த படி இருக்கும். இரட்டை அச்சு என்றால் ஒரு பக்கம்தானே நகர வேண்டும்? இரு பக்கமும் சமமாக இருப்பது, அச்சில் எழுத்தைக் குத்தும் குத்தூசியின் தோள்பட்டை ஆழமாக இறங்கியதன் அடையாளம்.

எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது?

மேற்சொன்ன வடிகட்டல்களைத் தாண்டி ஒரு நாணயம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு தாளில் வட்டம் வரைந்து, ஒவ்வோர் எழுத்தும் எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். அம்புகள் எல்லாம் கடிகார முள்போலச் சுற்றினால் ஹப் நடுவில் திரும்பியிருக்கிறது. 1955 அந்த இனம். எல்லா அம்பும் ஒரே பக்கம், உதாரணமாக வடக்கே பார்த்தால் ஹப் முழுதாகத் தள்ளிப் பதிந்திருக்கிறது. ஒரு கோடியில் பெரிய அம்பு, எதிர்க் கோடியில் ஒன்றுமே இல்லை என்றால், விளிம்பருகே ஒரு புள்ளியை அச்சாணியாக வைத்துத் திரும்பியிருக்கிறது. நகர்வே இல்லாமல் எழுத்துகள் தடித்து மட்டும் இருக்கும் வகையும் உண்டு. தொடக்கத்தில் அது எளிதில் கண்ணில் படாது. அம்புகள் ஒழுங்கில்லாமல், ஓர் எழுத்து கிழக்கே, அடுத்தது மேற்கே என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே ஹப் அப்படி நகர முடியாது.

ஹப்பே மாறிப்போன கதையும் நடந்திருக்கிறது. 1941 என்று பொறித்த ஹப்பால் ஓர் அழுத்தம், 1942 ஹப்பால் அடுத்த அழுத்தம். இப்படிப் பிறந்ததுதான் 1942 அமெரிக்க ‘டைம்’ என்னும் 10 சென்ட் நாணயத்தில், 2இன் பக்கத்தில் 1 எட்டிப் பார்க்கும் வகை.

புதிய நாணயங்களில் தேடும் இடம் வேறு. அமெரிக்க நாணயச்சாலை 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறியது. இரண்டாம் அழுத்தம் இல்லையென்றால் இரட்டிப்பும் இல்லாமல் போக வேண்டுமே? போகவில்லை. அச்சு எஃகின் முகம் லேசாகக் கூம்பி இருக்கும், ஹப் முதலில் தொடுவது நடுவை. தொடும்போது சாய்ந்திருந்து, அழுத்தத்தில் நேராகிப் பொருந்தினால் நடுப்பகுதி இரட்டித்துவிடும். 2009 லிங்கன் சென்ட்டில், மரக்கட்டையில் உட்கார்ந்து இளைஞர் லிங்கன் புத்தகம் படிக்கும் பின்புறம் ஒன்று உண்டு. அதில் புத்தகத்தைப் பிடித்த கையில் கூடுதல் விரல் முளைத்த வகைகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே பழைய நாணயமென்றால் ஓரத்து எழுத்துகளையும், புதியதென்றால் நடுப்பகுதியையும் முதலில் பாருங்கள்.

அச்சின் மச்சங்களைப் பொருத்துங்கள்

அறியப்பட்ட வகை ஒவ்வொன்றுக்கும் அந்த அச்சுக்கே உரிய கீறல், விரிசல், சிறு புடைப்பு இருக்கும். 1972 லிங்கன் சென்ட்டின் பலத்த இரட்டை அச்சில், பின்புறம் ‘யுனைட்டெட்’ என்ற சொல்லின் கடைசி ‘டி’க்கு மேலே, விளிம்பருகே ஒரு சிறு புடைப்புக் குறி இருக்கும். 1955இல் பின்புறத்தின் ‘சென்ட்’ என்ற சொல்லில் ‘டி’ எழுத்தின் இடப்பக்கம் மெல்லிய கோடுகள் உண்டு. இந்த இரண்டு நாணயத்துக்கும் போலிகள் உலவுவதால், இரட்டிப்பை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். முன்புறம் எவ்வளவு அழகாக இரட்டித்திருந்தாலும் திருப்பிப் பார்த்து மச்சத்தைச் சரிபாருங்கள்.

கோடுகளைப் பார்க்கும்போது ஒரு விதி எப்போதும் கைகொடுக்கும். அச்சில் கீறல் விழுந்தால் நாணயத்தில் அது மேடாக வரும். நாணயத்திலேயே கீறல் விழுந்தால் பள்ளமாக இருக்கும். மேடு என்றால் பெரும்பாலும் அச்சின் கதை, பள்ளம் என்றால் பெரும்பாலும் வெளியே பட்ட அடி. எண்ணெய்ப் பிசுக்கு அச்சில் அடைத்து எழுத்து மறைந்துபோவது போன்ற சில விலக்குகள் உண்டு. தொடக்கத்துக்கு இந்த விதியே போதும்.

மற்ற பிழைகள், சுருக்கமாக

அச்சு விளிம்பில் உடைந்து விழுந்தால் நாணயத்தின் ஓரத்தில் உருவமில்லாத மேடு ஒன்று விளிம்போடு ஒட்டி நிற்கும். வில்லை, அதாவது இன்னும் அடிக்கப்படாத வெற்று உலோக வட்டு, சரியாக உட்காராமல் அடிபட்டால் உருவம் ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் பிறைபோல வெறுமையாக இருக்கும். முன்புறமும் பின்புறமும் ஜோடி மாறிப்போவதும் உண்டு. 2008இல் பிரிட்டன் தன் 20 பென்ஸ் நாணயத்தில் ஆண்டைப் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு மாற்றியது. பழைய முன்புற அச்சும் புதிய பின்புற அச்சும் சேர்ந்துவிட, ஆண்டே இல்லாத நாணயங்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

வளைவாகக் கடித்தெடுத்தாற்போன்ற நாணயம் கிடைத்தால், கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லை அடிபடுவதற்கு முன்பே அதன் ஓரத்தை எந்திரத்தில் உருட்டி உயர்த்துவார்கள். ஒரு பக்கம் துண்டு இல்லையென்றால் எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் கிடைக்காது, அங்கே விளிம்பு மங்கி மறையும். பல உண்மையான வெட்டுகளில் இந்த மங்கல் இருக்கும். பிறகு யாரோ கருவியால் வெட்டியதில் இருக்காது. தராசையும் பயன்படுத்துங்கள், 1982க்கு முந்திய செம்புக் கலவை லிங்கன் சென்ட் 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். எடையும் உலோகமும் பொருந்தாத நாணயம் மேலும் விசாரிக்கத்தக்கது. இரண்டு நாணயங்களை இடுக்கியில் வைத்து நசுக்கியதும் கண்ணாடிப் பிம்ப எழுத்துகளைப் பதிக்கும். அதில் அடியில் உள்ள உருவம் நசுங்கித் தட்டையாகியிருப்பதைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

கிடைத்ததை என்ன செய்வது?

அன்றே குறித்து வையுங்கள். ஆண்டு, மதிப்பு, எந்தப் பக்கம், எந்தத் திசையில் நகர்வு, என்ன மச்சம். ஒரே விளக்கில் மூன்று கோணங்களில் படம் எடுங்கள். முழு நாணயம் தெரிய ஒரு படம் கட்டாயம் வேண்டும். கிட்டத்துப் படம் மட்டும் காட்டிக் கருத்துக் கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், நாளடைவில் நாணயத்தில் பச்சைப் பிசின் படியும். சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு முன், அறியப்பட்ட வகையின் படத்தோடு இரட்டிப்பும் மச்சமும் இரண்டுமே பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இரட்டிப்பு பொருந்தி மச்சம் பொருந்தவில்லையென்றால் அவசரப்பட வேண்டாம். அச்சின் வேறொரு பருவமாகவும் இருக்கலாம், வேறோர் அச்சாகவும் இருக்கலாம். அதே ஆண்டின் இன்னொரு நாணயத்தில் அதே இரட்டிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்துவிட்டால் அது அச்சில்தான் இருக்கிறது.

என் பெட்டியில் அந்த 17 நாணயங்களுக்குப் பக்கத்தில் இப்போது 1995ஆம் ஆண்டு லிங்கன் சென்ட் ஒன்றும் இருக்கிறது. ‘லிபர்ட்டி’ இரட்டித்த உண்மையான டபுள் டை, இந்த இனத்தில் எளிதாகக் கிடைக்கக்கூடியது. கற்க விரும்புபவரிடம் அதையும் மெஷின் டபுளிங் நாணயம் ஒன்றையும் கொடுத்து, விளக்கின் கீழே மெதுவாகச் சாய்க்கச் சொல்கிறேன். ஒன்று பளிச்சென்று மின்னி அணைகிறது. மற்றதில் ஒளி ஊர்ந்து போகிறது. உங்களிடம் இருக்கும் நாணயங்களிலும் அப்படி ஒரு ஜோடியைச் சேர்த்து வையுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கலாம்.